சிகிச்சையை விட்டு நீங்குவோர்
கனடாப் பழங்குடியினரின் காசநோய், எச்.ஐ.வி. வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1876ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வட அமெரிக்கச் சமவெளியிலுள்ள கார்ல்ரன் கோட்டையருகே பிரித்தானிய முடியின் பிரதிநிதியாகிய அலெக்சாண்டர் மொறிசும் கிறீ இனத் தலைவர்களும் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். கனடா வரலாற்றிலே ஆறாம் உடன்படிக்கை என வழங்கும் இதற்கு உடன்பட்டோருள் மிஸ்தவாசிஸ், அட்டாக்ககூப் என்னும் இரு தலைவர்களும் முதன்மையானவர்கள். கிறீ மக்களுக்கு அது இடுக்கண் மிக்க காலம். அவர்களது உணவும் உடையும் உறையுளுமாகிய காட்டெருமைக் கூட்டங்கள் அருகிவந்தன. ஆறாண்டுகளுக்கு முன்னர்தான் பெரியம்மை சமவெளியெங்கும் பரவிப் பெருந்தொகையினரைப் பலிகொண்டிருந்தது. ஆகவே தலைவர்கள் நிலத்தைப் பற்றி மாத்திரம் பேசவில்லை. பஞ்சத்தைப் பற்றியும் நோயைப் பற்றியும் பேசினர். அவர்களது வற்புறுத்தலினால் ஏனைய இலக்க உடன்படிக்கைகளில் எழுத்து வடிவிற் காணப்படாத ஒரு வாசகம் இதில் இடம்பெற்றது. இந்தியர் முகவர் ஒவ்வொருவரின் இல்லத்திலும் மக்களின் பயன்பாட்டுக்கென ஒரு மருந்துப்பெட்டி வைத்திருக்கப்படும் என்பதே அவ்வாசகம்.

இந்த மருந்துப்பெட்டி பின்னர் நீதிமன்றங்களிலே பெரும் வாதத்துக்குரிய பொருளாயிற்று. மிஸ்தவாசிஸ் வழிவந்த மக்கள், தமக்கு வழங்கிய மருந்துகளின் விலையை அரசாங்கம் தமது பொதுப்பணத்திலிருந்தே கழித்துக்கொண்டதென வழக்கிட்டபோது, அவர்களுக்கு வேண்டிய மருந்துகள் யாவும் இலவசமாகக் கிடைத்தல் வேண்டுமென 1935இல் தீர்ப்பாயிற்று. ஆயின் 1966இல் சஸ்காச்சுவான் மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறுவிதமாகப் பொருள்கொண்டது. முகவர் வீட்டில் ஒரு மருந்துப்பெட்டி என்றால் முகவர் வீட்டில் ஒரு மருந்துப்பெட்டிதான். அதற்கு மேலொன்றுமில்லை என்பது அதன் கருத்து. தலைவர்கள் கேட்டது மரப்பெட்டியை அன்று; வருங்காலத்தில் வரக்கூடிய நோய்களுக்கெல்லாம் ஒரு காப்பினையே அவர்கள் கேட்டனர் என்பது உடன்படிக்கைப் பேச்சுக்களின் பதிவுகளை நோக்குவோர்க்குப் புலனாகும்.

இன்று அதே சமவெளியிலே அட்டாக்ககூப்பின் பெயர் தாங்கிய ஒதுக்குநிலத்திலும் அதன் அயலிலுள்ள கிறீ ஊர்களிலும் பேசப்படும் நோய் எச்.ஐ.வி. ஆகும். நாடோறும் மருந்து உட்கொள்வோரிடத்து இந்நோய் அடங்கிக் கிடக்கும். இரத்தத்திற் கண்டறிய முடியாத அளவுக்கு வைரசு குறைந்துவிடின், பாலுறவின் வழியாக அது பிறருக்குத் தொற்றாது என்பதும் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. மருந்தை இடையில் நிறுத்தின் நோய் மீண்டும் தலைதூக்கும். விட்டுவிட்டு உட்கொள்ளின் மருந்துக்கு அடங்காத வைரசு தோன்றவும் கூடும். ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை கேள்வி மருந்து உண்டா என்பதன்று. நோயாளி சிகிச்சையில் நிலைத்திருக்கிறாரா என்பதே. சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2018 முதல் எச்.ஐ.வி. மருந்துகள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. பதிவுபெற்ற முதற்குடியினருக்கு அதற்கு முன்னரே மத்திய அரசாங்கம் மருந்துச் செலவினை ஏற்றிருந்தது. எனினும் கனடாவில் இந்நோய் மிகுந்த மாகாணமாக அது பல்லாண்டுகளாக இருந்துவந்தது. புதிதாக நோய் கண்டறியப்படுவோரிற் பெரும்பகுதியினர் பழங்குடியினர். விலை தடையாக இல்லாதபோது தடையாக நிற்பது யாது?

வைத்தியசாலைக் குறிப்பேடுகளில் இதற்கொரு சுருக்கமான விடை நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்துள்ளது: நோயாளி ஒழுங்கற்றவர், சொன்னபடி நடவாதவர். இவ்விடை எங்கிருந்து வந்தது என்பதை அறிவதற்கு எச்.ஐ.வி.க்கு முற்பட்ட நோயொன்றின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

அந்நோய் காசநோய். 1907இல் வைத்தியர் பீற்றர் பிறைஸ், அரசாங்கத்தின் பணிப்பின்பேரில், சமவெளி மாகாணங்களிற் பழங்குடிச் சிறுவருக்கென நடாத்தப்பட்ட உறைவிடப் பாடசாலைகளைப் பார்வையிட்டு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். விபரம் கிடைத்த பாடசாலைகளின் மாணவருள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் இறந்துபோயினர் என்றும், முழு விபரமும் தந்த பாடசாலையொன்றில் முன்னாள் மாணவருள் நூற்றுக்கு 69 பேர் உயிருடன் இல்லையென்றும் அவர் கண்டார். காற்றோட்டமற்ற, நெருக்கமான படுக்கையறைகளே காரணமென்றார். அவரது விதந்துரைகள் நிறைவேற்றப்படவில்லை. மாறாக, 1920இற் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புதல் கட்டாயமாக்கப்பட்டது. அரச சேவையிலிருந்து நீங்கிய பின்னர் 1922இல் அவ்வைத்தியர் தம் கண்டுபிடிப்புக்களைச் சிறு நூலாக வெளியிட்டு, நடந்ததைத் தேசியக் குற்றமெனவே பெயரிட்டார். ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் இப்பாடசாலைகளுக்கூடாகச் சென்றனர் என்பது பிற்காலக் கணிப்பு. நோய் எங்கே பரவிற்றோ அவ்விடம் அரசாங்கத்தின் பாதுகாப்பிலிருந்த இடமாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. இந்தியர் வைத்தியசாலைகள் என்ற பெயரில் தனியான நிலையங்கள் பெருகின; 1960 அளவில் அவை இருபதுக்கும் மேற்பட்டவையாக இருந்தன. எட்மன்ரன் நகரிலிருந்த சார்ள்ஸ் கம்செல் வைத்தியசாலை இவற்றுட் பெரியது. ஸ்ரெப்ரோமைசின் மருந்தும், 1952 முதல் ஐசோனியசிட்டும் கைவரவே காசநோய் குணப்படுத்தக்கூடியதாயிற்று. இதனால் உயிர்கள் பல காக்கப்பட்டன என்பதை மறுத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. பழங்குடியினரிடையே காசநோய் மரணங்கள் இக்காலத்தில் வெகுவாகக் குறைந்தன. ஆனால் எவ்வாறு சிகிச்சை அளிக்கப்பட்டது என்பது வேறு கதை. வெள்ளையினத்து நோயாளர் வீட்டிலிருந்தவாறே மாத்திரை உட்கொள்ள அனுமதிக்கப்படத் தொடங்கிய பின்னரும், பழங்குடியினர் வைத்தியசாலையிலேயே நீண்டகாலம் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்கள் வீட்டில் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளமாட்டார்கள் என்பதே காட்டப்பட்ட நியாயம். சோதித்துப் பார்த்துக் கண்ட முடிவன்று அது; முன்கூட்டியே கொண்ட முடிவு. சொன்னபடி நடவாத நோயாளி என்ற படிமம், அந்நோயாளிக்கு நடப்பதற்கு வாய்ப்பளிக்கப்படும் முன்னரே வரையப்பட்டுவிட்டது எனலாம்.

1953இல் அது சட்டமும் ஆயிற்று. இந்தியர் சட்டத்தின் கீழ் அவ்வாண்டு ஆக்கப்பட்ட சுகாதார ஒழுங்குவிதிகளின்படி, வைத்தியரிடம் செல்ல மறுத்தலும், வைத்தியசாலையில் அனுமதி பெற மறுத்தலும், வைத்தியர் விடுவிக்கும் முன்னர் அங்கிருந்து வெளியேறுதலும் தண்டனைக்குரிய குற்றங்களாயின. வெளியேறியவர்களைத் தேடிப் பொலிசார் சென்றனர். சிகிச்சையை விட்டு நீங்கியவர் எனும் சொற்றொடர் இன்றைய சுகாதார அறிக்கைகளில் வெறும் கணக்கெடுப்புச் சொல்லாகவே வழங்குகின்றது. அக்காலத்தில் அது வாசலில் வந்து நிற்கும் சீருடையாகும்.

வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிற் மக்களுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1950 முதல் சீ. டீ. ஹோவ் என்னும் கப்பல் கோடைதோறும் கிழக்கு ஆட்டிக் கரையோரக் குடியிருப்புக்களுக்குச் சென்றது. மக்கள் கப்பலில் ஏற்றப்பட்டு அவர்களது மார்புகள் எக்ஸ்-கதிர்ப்படம் பிடிக்கப்பட்டன. நோய் கண்டவர் பலர் கரைக்குத் திரும்பி விடைபெறவும் விடப்படவில்லை. கைக்குழந்தையைக் கரையில் விட்டுத் தாயும், தாயைக் கரையில் விட்டுக் குழந்தையும் தெற்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1956 அளவில் இனுவிற் மக்களுள் ஏழில் ஒருவர் தென்னாட்டுச் சிகிச்சை நிலையங்களில் இருந்தனர். அங்கே அவர்களது மொழியை விளங்கிக்கொள்வார் எவருமிலர். ஆண்டுகள் சில கழித்துத் திரும்பிய சிறுவர் தாய்மொழியை மறந்து, தாயோடு பேசமாட்டாதவராய் வந்தனர். திரும்பாதோர் பலர் தெற்கிலேயே புதைக்கப்பட்டனர். எங்கே புதைக்கப்பட்டனர் என்பதையும் குடும்பத்தார் அறியவில்லை. 2019 மார்ச் மாதத்தில் இக்கலூயிற் நகரில் கனடாப் பிரதமர் இதற்காக மன்னிப்புக் கோரினார். அதனோடு சேர்த்து, இழந்தோரின் கல்லறைகளைக் கண்டறிய உதவும் நனிலாவுட் எனும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அறுபதாண்டுகள் கடந்தபின் ஒருவர் தம் தாயின் கல்லறை முன் முதன்முறையாக நிற்கும் நாட்டில், வைத்தியசாலை என்ற சொல்லின் பொருள் அகராதியில் உள்ளது மாத்திரமன்று.

இப்பின்னணியிலேயே எச்.ஐ.வி. வந்தது. 1996 இவ்வரலாற்றிலே விசித்திரமானதோர் ஆண்டு. வன்கூவர் நகரில் அவ்வாண்டு நடைபெற்ற சர்வதேச எயிட்ஸ் மாநாட்டிலேதான் பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் புதிய சிகிச்சையின் வெற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே சஸ்காச்சுவானில் எஞ்சியிருந்த கோடன் உறைவிடப் பாடசாலை மூடப்பட்டது. கம்செல் வைத்தியசாலையும் அவ்வாண்டே கதவடைத்தது. பழைய நிலையங்கள் மூடியதும் புதிய மருந்து வந்ததும் ஒன்றாக நிகழ்ந்தன. ஆனால் அந்நிலையங்கள் விட்டுச்சென்ற நினைவு மூடப்படவில்லை.

சஸ்காச்சுவானில் 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில பத்துக்களாக இருந்த புதிய நோயாளர் தொகை 2009இல் ஏறத்தாழ 200 ஆக உயர்ந்தது. கனடாவின் ஏனைய இடங்களிலிருந்து இம்மாகாணம் வேறுபடும் முறையொன்றுண்டு. இங்கே நோய் பெரிதும் பரவியது போதைப்பொருள் ஏற்றும் ஊசிகளைப் பகிர்ந்துகொண்டதனாலாகும். பெண்களின் பங்கும் இங்கே மிகுதி. ஊசிக்குப் பின்னால் உள்ளது யாதென வினவுவோர் மீண்டும் பாடசாலைக் கதைக்கே வந்துசேர்வர். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ந்த தலைமுறை, பிள்ளை வளர்க்கும் முறையைக் கண்டறியாத தலைமுறையாயிற்று. அதன் பிள்ளைகளைச் சிறுவர் நலத் திணைக்களம் பெயர்த்தெடுத்தது. 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பின்படி கனடாவின் பதினான்கு வயதும் அதற்குக் குறைந்தவருமான சிறுவருள் நூற்றுக்கு 7.7 பேரே பழங்குடியினர். வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்ட அவ்வயதினருள்ளோ அவர்கள் நூற்றுக்கு 53.8 பேர். இவ்வெண்களை அறிந்த ஒரு தாய், தான் ஊசி ஏற்றுபவள் என்பதையும் தனக்கு எச்.ஐ.வி. உண்டு என்பதையும் வைத்தியரிடம் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒருகணம் தயங்குவாளாயின், அதனை ஒழுங்கின்மை என்று கூறுதல் பொருந்துமா? மருந்துக்காகச் சென்றவள் பிள்ளையை இழந்து திரும்பக்கூடும் என்பது அவள் கண்டறிந்த உலக இயல்பு.

அச்சத்துக்கு வேறு காரணங்களும் இல்லாமலில்லை. பிரசவத்துக்குச் சென்ற பழங்குடிப் பெண்கள் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு வற்புறுத்தப்பட்டனர் என்பது சஸ்காற்றூன் நகரைப் பற்றி 2017இல் வெளியான மீளாய்வறிக்கையொன்றினால் வெளிப்பட்டது. 2008இல் வினிப்பெக் நகரில் அவசர சிகிச்சைப் பிரிவொன்றின் காத்திருப்பு மண்டபத்திலே பழங்குடியினர் ஒருவர் 34 மணிநேரம் கவனிப்பாரற்று இருந்து இறந்தார். குடிபோதையில் இருப்பவர் என்றும், தங்க இடமற்று வந்தவர் என்றும் பணியாளர் சிலர் எண்ணிக்கொண்டனராம். இத்தகைய செய்திகள் ஒதுக்குநிலங்களில் பத்திரிகை வாயிலாகப் பரவுவன அல்ல; சமையலறைகளிற் பரவுவன.

இவற்றோடு வழித்தூரமும் சேர்ந்துகொள்கிறது. தொற்றுநோய் நிபுணர்கள் சஸ்காற்றூன், ரெஜைனா ஆகிய இரு நகரங்களிலேயே பெரிதும் இருந்தனர். வடக்கிலுள்ள கிறீ ஊர்களிலிருந்து அவர்களைக் காண்பதென்றால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்ல வேண்டும். பாதி ஆண்டு பனிக்காலம். 1946 முதல் மாகாணமெங்கும் ஓடிய அரச பேருந்துச் சேவையும் நட்டமெனக் கூறப்பட்டு 2017 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. மருந்தை இலவசமாக்கிய அரசாங்கமே அதற்குச் சற்று முன்னர்தான் மருந்துக்குச் செல்லும் வழியைத் துண்டித்திருந்தது எனில் அது மிகையன்று. இதற்கு முந்திய ஆண்டிலேயே மாகாணத்து வைத்தியர் சிலர் ஒன்றுகூடி, எச்.ஐ.வி. நிலைமையைப் பொதுச் சுகாதார அவசரகால நிலையாகப் பிரகடனஞ் செய்யுமாறு வேண்டியிருந்தனர் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

இனி, நிலைத்திருக்கச் செய்தவை யாவை? இவ்வினாவுக்கு விடையைச் சஸ்காச்சுவானின் பிக் றிவர் முதற்குடி ஊரிலே காணலாம். 2011 அளவில் அவ்வூரிற் பலருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தபோது, ஊர்த் தலைமையும் ஊர்ச் சுகாதார நிலையத்துத் தாதியரும் நகரிலிருந்து வந்த நிபுணரும் சேர்ந்து, உன் நிலையை அறிந்துகொள் என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தை வகுத்தனர். நோயாளர் நகருக்குச் செல்வதற்குப் பதிலாக நிபுணர் ஊருக்கு வந்தார். சோதனையும் மருந்தும் ஊரிலேயே கிடைத்தன. எச்.ஐ.வி.க்குத் தனிக் கதவொன்று வைக்கப்படவில்லை. ஈரல் அழற்சிச் சோதனை, போதைப்பழக்கத்துக்கு மாற்று மருந்து, தூய ஊசி வழங்கல் யாவும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. சிற்றூரில் இது சிறிய விடயமன்று. அடுத்தவீட்டுக்காரரின் மைத்துனியே சுகாதார நிலையத்து எழுதுவினைஞராக இருக்கும் இடத்தில், ஒருவர் எந்தக் கதவால் நுழைகிறார் என்பதே அவரது நோயின் பெயரை அறிவித்துவிடும்.

வராதவர் இருந்தால் அவரைத் தேடிச் சென்றனர். சென்றவர் பொலிசாரல்லர்; தாதியும், அந்நோயோடு வாழ்ந்துகொண்டிருக்கும் ஊரவரும் ஆவர். மருந்தை விட்டவர் முகத்தில் அறிவுரையை வீசாமல், உண்டீரா, வீட்டில் விறகு இருக்கிறதா எனக் கேட்பதிலிருந்து தொடங்கும் உரையாடல் அது. கிறீ மொழியில் வாக்கோத்தோவின் என்றொரு சொல்லுண்டு. உறவினால் வரும் கடமை என அதனைத் தமிழிற் கூறலாம். பாட்டியாரும் முதியோரும் கூட்டங்களில் அமர்ந்து, நோயுற்றவர் இன்னும் நம்மவரே என வெளிப்படையாகச் சொல்லும்போது அச்சொல் நடைமுறைக்கு வருகிறது. சில ஆண்டுகளுள் பிக் றிவர் ஊர், நோயறிதலிலும் மருந்து பெறுதலிலும் வைரசை அடக்குதலிலும் ஐக்கிய நாடுகள் எயிட்ஸ் நிறுவனம் வகுத்த தொண்ணூறு விழுக்காட்டு இலக்குகளை எய்தியது. செல்வ நகரங்கள் பலவும் அக்காலத்தில் எட்டாத இலக்கு அது. அட்டாக்ககூப் மக்களும் இவ்வழியைக் கைக்கொண்டனர்.

மேற்கே பிரித்தானிய கொலம்பியாவில் 2003இல் தொடங்கிய சீடர் ஆய்வுத்திட்டத்திலும் இதனையொத்த ஒரு முயற்சி காணப்படுகின்றது. போதைப்பொருள் உபயோகித்த பழங்குடி இளைஞரைப் பற்றிய இவ்வாய்வு பழங்குடியினரின் மேற்பார்வையிலேயே நடாத்தப்பட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதிற் கைத்தொலைபேசி வழங்கப்பட்டு வாரந்தோறும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. இம்முறை கென்யாவிலிருந்து பெறப்பட்டது. கென்யாவில் அச்செய்தி சுவாகிலி மொழியில் ஒரே சொல்: மம்போ, அதாவது சுகமா? மருந்து உண்டாயா எனக் கேட்பதன்று அது. கேள்வியின் வடிவத்திலேயே வேறுபாடு அடங்கியுள்ளது.

எனினும் பண்பாடே மருந்து எனக் கூறிவிட்டு அமைதியடைவோரை எச்சரிக்கையுடன் நோக்குதல் வேண்டும். வியர்வைக் குடிலும் முதியோர் வாழ்த்தும் அரசாங்க அறிக்கைகளிலே இப்போது விருப்போடு எழுதப்படுகின்றன. அவற்றிற்குச் செலவு குறைவு. வீடு கட்டுவதற்குச் செலவு கூடுதல். மாத்திரைகளை வைத்துக்கொள்ள ஓர் இடமின்றி, ஒருநாள் ஒருவர் வீட்டிலும் மறுநாள் மற்றொருவர் வீட்டிலும் படுத்துறங்கும் ஒருவருக்கு எந்தச் சடங்கும் ஒழுங்கைத் தரமாட்டாது. பிக் றிவரில் வெற்றி தந்தது பண்பாடு தனித்தன்று. பண்பாட்டைக் கையிலெடுத்தவர்களின் கையில் அதிகாரமும் வரவுசெலவும் சிறிதளவேனும் இருந்தமையாகும். 1953இன் ஒழுங்குவிதிகள் பறித்தது இவ்வதிகாரத்தையே.

சட்டத்தின் நிழல் முற்றாக நீங்கிவிடவுமில்லை. தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை உறவுக்கு முன் வெளிப்படுத்தாதவர் குறித்த சூழ்நிலைகளிற் பாரதூரமான தாக்குதற் குற்றத்துக்கு உள்ளாகலாம் என 1998இலும் 2012இலும் கனடா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வைரசு அடங்கியவர்மீது வழக்குத் தொடுப்பதைத் தவிர்க்குமாறு பின்னர் வழிகாட்டல்கள் வந்தன. ஆனால் வன்முறைக் கணவனிடம் தன் நோயைச் சொல்லவும் இயலாமல், சொல்லாதிருக்கவும் இயலாமல் நிற்கும் பெண்ணுக்குச் சோதனைக்குச் செல்லாதிருத்தலே பாதுகாப்பாகத் தோன்றுமிடத்து, அதனை வழிகாட்டல் ஒன்றினால் நீக்குதல் அரிது.

2021இல் சஸ்காச்சுவானிற் புதிதாக நோய் கண்டறியப்பட்டோர் தொகை 237. 2009இன் தொகையை இது விஞ்சியது. பிக் றிவரும் அட்டாக்ககூப்பும் வெற்றி கண்டபின்னரும் இவ்வுயர்வு ஏன் என்பதற்கு ஒரு காரணம் நிலப்படத்திலேயே உள்ளது. மத்திய அரசாங்கத்தின் சுகாதாரப் பணம் பெரும்பாலும் ஒதுக்குநிலத்தின் எல்லையோடு நின்றுவிடுகின்றது. எல்லைக்கு வெளியே பொறுப்பு மாகாணத்தினது. நோயாளரோ வேலைக்கும் வீட்டுக்கும் உறவினரைக் காணவும் இளவரசர் அல்பேட் நகருக்கும் சஸ்காற்றூனுக்கும் சென்றும் மீண்டும் வருகின்றனர். ஊரில் இருக்கும்போது வீட்டுவாசலுக்கு வந்த மருந்து, நகரில் வாடகை அறையொன்றிற் படுத்திருக்கும்போது வருவதில்லை. சிகிச்சையை விட்டு நீங்கியவர் எனப் பதியப்படுவோரிற் பலர் நீங்கியது சிகிச்சையை அன்று. ஒரு நிர்வாக எல்லையையே. ஒதுக்குநிலத்தை விட்டு வெளியே செல்வதற்கு முகவரிடம் அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும் என்ற விதி 1885இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அச்சமவெளியில் நடைமுறையில் இருந்தது. இன்று மக்கள் சீட்டின்றிச் செல்கின்றனர். மருந்துப்பெட்டி மாத்திரம் இன்னும் முகவர் வீட்டிலேயே இருக்கின்றது.